சோளகத்தில் மடியும் வால்

பருத்தித்துறை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டு வளவில் சிறிய காற்றாலை ஒன்றைச் செய்து நிறுத்த விரும்புகிறேன். சோளகம் உரத்து வீசும் நாளில் அது பிய்ந்து போகாதா?" மிகச் சரியான கேள்வி. மின்சாரத்தை உண்டாக்குவதைவிட, மிஞ்சிய காற்றிலிருந்து இயந்திரத்தைக் காப்பதே இந்த வேலையில் கடினமான பகுதி.

மின்பிறப்பு நாம் பாடசாலையில் படித்ததுதான். சுழலும் இரண்டு இரும்புத் தட்டுகளில் காந்தங்களை ஒட்டி, இடையில் பிசினில் வார்த்த செப்புச் சுருள்களை அசையாமல் நிறுத்தினால், சுருள்களில் மின் தூண்டப்படும். அதை நேரோட்டமாக்கிப் பற்றரியில் சேமிக்கலாம். ஆனால் காற்றின் வலு வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுகிறது. 1.8 மீற்றர் விட்டமுள்ள சுழலி, செக்கனுக்கு 5 மீற்றர் வேகக் காற்றில் ஏறக்குறைய 55 வாற்றுத் தந்தால், 10 மீற்றர் வேகத்தில் 450 வாற்றுக்குக் கிட்டத் தரும். 15 மீற்றரில் காற்று கொண்டுவரும் வலு, 5 மீற்றரில் உள்ளதைப்போல் 27 மடங்கு. அதை முழுதாக ஏற்றால் சுருள்கள் கருகும், இறக்கைகள் முறியும்.

இதற்கான தீர்வு ஒரு பிணைச்சலில் இருக்கிறது. சுழலியின் அச்சைக் கம்பத்தின் நடுவில் வைக்காமல் 10 சென்ரிமீற்றரளவு பக்கவாட்டில் தள்ளி வைப்பார்கள். அதனால் காற்று தள்ளும்போதெல்லாம் சுழலி முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்க்கும். பின்னால் உள்ள வால் அதைக் காற்றுக்கு நேரே பிடித்து வைத்திருக்கும். அந்த வாலைத் தாங்கும் பிணைச்சல் செங்குத்தாக இல்லாமல் 20 பாகையளவு சாய்ந்திருக்கும். கப்பு சாய்ந்த படலையைத் திறந்து விட்டால் அது தானாக வந்து சாத்திக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். திறக்கும்போது படலை சற்றே மேலெழுகிறது, விட்டதும் அதன் பாரமே கீழே இழுக்கிறது. வாலும் அப்படித்தான். மென்காற்றில் அது தன் பாரத்தால் தாழ்ந்து நிற்கும். காற்றின் தள்ளுகை அந்தப் பாரத்தை வென்றதும் சுழலி பக்கவாட்டில் திரும்ப, வால் மேலெழுந்து மடியும். காற்றுக்குக் காட்டும் பரப்புக் குறையும். காற்றுத் தணிந்ததும் வால் இறங்கி, சுழலியை மறுபடி காற்றுக்கு நேரே கொண்டுவரும். சுருள்வில்லும் இல்லை, மின்சுற்றும் இல்லை, புவியீர்ப்பு ஒன்றே போதும். வாலின் பாரத்தைக் கூட்டினால் பிந்தி மடியும், குறைத்தால் முந்தி மடியும். எங்கள் முதல் சுழலியில் பிணைச்சலை நிமிர்த்தி ஒட்டிவிட்டோம். மடிந்த வால் திரும்பவேயில்லை.

காற்றே இல்லாமல் ஓயாது சுழலும் "இலவச மின் இயந்திரம்" பற்றிய காணொளிகளை நம்பிக் காசை இழப்போரைக் காணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. புலோப்பளையில் பெருங்காற்றாலைகள் நிற்கும் இந்த வடக்கில், எமது தொழில்நுட்ப மாணவர்கள் கூரை உயரத்திலும் பனைக்கு மேலும் ஒரு வருடம் காற்றை அளந்து பார்க்கச் சிறு தொகை ஒதுக்கினால், எந்த வளவுக்குக் காற்றாலை பொருந்தும் என்று வாசகருக்குத் துல்லியமாகச் சொல்ல முடியும்.

கடலோரத்தில் இருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் பிணைச்சல் துருவேறி இறுகினால் வால் மடியாது. ஆகவே சித்திரையில், சோளகம் தொடங்குமுன், கம்பத்தைச் சாய்த்து இறக்கி, பிணைச்சலுக்குக் கிறீஸ் பூசுங்கள். பின் கம்பத்தை நிமிர்த்தும்முன், தலைப்பகுதியை நேரே பிடித்து வாலைக் கையால் தூக்கி விட்டுப் பாருங்கள். தடையின்றித் தன் இடத்துக்கு இறங்கி நிற்க வேண்டும்.