அடியில் சிக்கினால் மேலே பாருங்கள்

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் எடுத்த பட்டுத்துணியில் ரவிக்கை தைக்கத் தையல் இயந்திரத்தின்முன் உட்கார்ந்த என் அண்ணி, ஒரு சாண் நீளம் ஓட்டிவிட்டுத் துணியைத் திருப்பினார். மேற்பக்கம் ஒழுங்காகத் தெரிந்த தையலின் அடியில் நூல் குருவிக்கூடு போலச் சுருண்டு கிடந்தது. "பாபின் கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே, அடிநூல் சுற்றிய பாபினைத் தாங்கும் பாபின் கேஸிலுள்ள சிறு திருகை இறுக்கத் தொடங்கினார். பலரும் செய்வது இதைத்தான். ஆனால், அடியில் இப்படிக் கொத்தாகச் சிக்கினால் பெரும்பாலும் குற்றவாளி மேல்நூலே.

ஏன் என்று புரிய, ஒரு தையல் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். 1846இல் அமெரிக்காவில் எலயாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலேயே, முனைக்கு அருகில் காது வைத்த ஊசியும், அடியில் இரண்டாவது நூலைச் சுமந்து ஓடும் ஷட்டிலும் இருந்தன. இன்றைய வீட்டு இயந்திரத்திலும் அடிப்படை அதுவே. ஊசி முழுவதும் இறங்கிவிட்டு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் மேலேறும்போது, துணியின் உராய்வு நூலைப் பிடித்துக்கொள்வதால், அது ஊசியோடு சேர்ந்து ஏற முடியாமல் ஒரு பக்கமாகச் சிறு வளையமாகப் புடைக்கிறது. அந்த நொடியில், பாபினைச் சூழ்ந்திருக்கும் கொக்கியின் கூர்முனை வளையத்துக்குள் புகுந்து, அதை அகல விரித்து, பாபினைச் சுற்றிவரச் செய்கிறது. பிறகு முன்புறத்தில் மேலும் கீழும் ஆடும் நூல்தூக்கி, தளர்ந்து கிடக்கும் நூலை மேலே இழுக்க, இரண்டு நூல்களும் பின்னிக்கொள்ளும் இடம் துணியின் நடுவில் வந்து அமர்கிறது.

நூல்தூக்கி இழுக்கும்போது, நூற்கண்டிலிருந்து வரும் நூலை டென்ஷன் தட்டுகள் இரண்டும் இறுகக் கவ்வியிருக்க வேண்டும். கவ்வவில்லையென்றால் நூல்தூக்கி, அடியில் தளர்ந்து கிடப்பதை விட்டுவிட்டு, சுலபமாக வரும் புது நூலைக் கண்டிலிருந்து உருவிக்கொள்ளும். அடியில் மிஞ்சியதெல்லாம் கூடு கட்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துபாதத்தைத் தூக்கும்போது தட்டுகள் விலகும், இறக்கும்போது நெருங்கும் என்பதால், பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் நூல் தட்டுகளுக்கிடையில் போகாமல் மேலாகவே நின்றுவிடும். அண்ணி செய்தது அதுதான். சோதிப்பது எளிது: பாதத்தை இறக்கிவிட்டு ஊசிக்கருகில் நூலை இழுத்தால் கைக்கு எதிர்ப்பு தெரிய வேண்டும், தூக்கியபின் தாராளமாக வர வேண்டும்.

இடையிடையே தையல் விழாமல் தாவுவது வேறு கதை. வளையம் உருவாகவில்லை, அல்லது உருவான வளையத்தைக் கொக்கி தவறவிட்டது என்று பொருள். ஊசிக்கும் கொக்கி முனைக்கும் உள்ள இடைவெளி ஒரு தாளின் தடிமன் அளவே என்பதால், கண்ணுக்குத் தெரியாமல் வளைந்த ஊசிகூடப் போதும். ஊசியைக் கண்ணாடிமேல், தண்டின் தட்டைப் பக்கம் படியுமாறு வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். தட்டைப் பக்கம் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் அது பின்புறம். மலாய் உடையான பாஜு கூரோங் தைக்கும் நெளிவுள்ள ஜெர்சித் துணியிலோ, துணியே ஊசியோடு சேர்ந்து ஏறியிறங்குவதால் வளையம் சரியாகப் புடைப்பதில்லை. அதற்கு முனை உருண்ட ஊசி தேவை. உறையில் 90/14 என்று அச்சிட்டிருந்தால் 90 என்பது 0.9 மில்லிமீட்டர் விட்டத்தைக் குறிக்கும். பட்டுக்கு 70/10 போன்ற மெல்லிய ஊசியே ஏற்றது.

நூல் அடிக்கடி அறுந்தால் ஊசியின் காதில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். துணியில் நிலைபெறுவதற்குமுன் நூலின் ஒவ்வோர் இடமும் அந்தக் காதுக்குள் பலமுறை முன்னும் பின்னும் போய்வருகிறது என்பதால், சிறு பிசிறும் அதை இழையிழையாகப் பிய்த்துவிடும். நம்மூர் ஈரக்காற்றில் மாதக்கணக்கில் இயந்திரத்திலேயே கிடந்த ஊசிக்குத் துரு ஏறுவது சகஜம்.

எண்ணெய் குறித்து ஒரு சொல். அடுப்படித் தேங்காய் எண்ணெயைத் துளிவிடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது காலப்போக்கில் பிசினாகிவிடும். 24 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் குளிர்சாதன அறையில் உறைந்தும் போகும். இயந்திர எண்ணெயைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

பாதத்தைத் தூக்கி, மேல்நூலை முதலிலிருந்து கோத்ததும் அண்ணியின் கூடு மறைந்தது. ஆனால் இறுக்கிய திருகு இறுகியபடியே இருந்ததால், பாபின் நூல் மேல்நூலை அடிப்பக்கம் இழுத்துச் சிறு புள்ளிகளாகக் காட்டியது. இறுக்கத்தைச் சோதிக்க, பாபின் கேஸை அதன் நூலில் தொங்கவிட்டு மெல்ல உதறினேன், அசையவில்லை; இறுக்கம் அதிகம். திருகைக் கால் சுற்று தளர்த்தி மறுபடி உதறியபோது இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. அதன்பின் ரவிக்கையின் கைப்பகுதியை அண்ணி ஒரே மூச்சில் தைத்து முடித்தார்.