'பனைமர உயரத்தில் நின்றது' என்று சொல்வதற்கு முன்

மறுபடியும் ஒரு வீடியோ. மேற்கு வானத்தில் பளிச்சென்று ஓர் ஒளி. "பனைமர உயரத்துலதான் நிக்குது, பைக்க எடுத்தா கூடவே வருது" என்று பின்னால் ஒரு குரல். இரண்டே நாளில் பறக்கும் தட்டு என்ற பெயரில் மாவட்டமெல்லாம் சுற்றிவிட்டது. மக்களுக்கு வானத்தைக் காட்டுவதே என் வேலை என்பதால், பயந்துபோனவர்கள் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அது வெள்ளிக் கோள். போன முறை வந்த வீடியோவிலும் வெள்ளிதான்.

பார்த்தவர்களைக் குறை சொல்லவில்லை. லடாக்கில் 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை அடையாளம் தெரியாத பொருள்களை 329 முறை பார்த்ததாக நம் ராணுவமே பதிவு செய்திருந்தது. சீன உளவு ட்ரோன்களோ என்ற சந்தேகம். அவற்றில் 155 எல்லைக்கோட்டைத் தாண்டி வந்ததாகவும் குறிப்பு. இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரை அழைத்துப் பார்க்கச் சொன்னார்கள். வியாழனும் வெள்ளியும் என்று தெரிந்தது.

எல்லையைத் தாண்டியது என்று சொல்ல, தூரம் தெரிய வேண்டும். இருட்டில் தனியாகத் தெரியும் ஓர் ஒளியின் தூரத்தை எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் "எனக்கு நல்ல பார்வை சார்" என்கிறார்கள். பார்வைக் கோளாறு பற்றிய பேச்சே இல்லை இது. இரண்டு கண்களும் சேர்ந்து தூரம் கணிப்பது பக்கத்தில் இருப்பவற்றுக்குத்தான். அதற்கு அப்பால், நமக்குத் தெரிந்த பொருளின் அளவை வைத்து மூளை ஊகிக்கிறது. வெறும் புள்ளிக்கு என்ன அளவை வைத்து ஊகிப்பது? ஒரு கிலோமீட்டர் தூரத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போவதும், பத்து கிலோமீட்டர் தூரத்தில் 1,000 கிலோமீட்டரில் போவதும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். தூரம் தெரியாவிட்டால் வேகமும் தெரியாது, அளவும் தெரியாது. கூடவே வருவதும் இதனால்தான். மரங்கள் பின்னால் போகின்றன, கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வெள்ளி திசை மாறாமல் நிற்கிறது. நிலா கூடவே வருவதைப் பார்க்காத குழந்தை உண்டா?

அமெரிக்கக் கடற்படை விமானம் 2015இல் எடுத்த 'கோ ஃபாஸ்ட்' வீடியோவில் ஏதோ ஒன்று கடலை ஒட்டிச் சீறிப் பாய்வதுபோல் தெரியும். திரையிலேயே இருந்த எண்களை வைத்து நாசாவின் ஆய்வுக்குழு கணக்குப் போட்டது. பொருள் இருந்தது 13,000 அடி உயரத்தில். வேகம் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர், அந்த உயரத்தில் காற்றே அந்த வேகத்தில் அடிக்கும். பாய்ந்தது படம் எடுத்த விமானம்.

பறக்கும் தட்டுப் புகார்களைப் பற்றி அமெரிக்க விமானப்படையின் 'புளூ புக்' விசாரணை 1952 முதல் 1969 வரை நடந்தது. 12,618 புகார்களில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. அந்த 701ஐ மட்டும் எடுத்துக்கொண்டு வருபவர்களுக்கு என் பதில்: விளக்கம் கிடைக்காததால் அது வேற்றுக்கிரக வாகனம் ஆகிவிடாது. மற்றதெல்லாம் கோள்கள், விமானங்கள், பலூன்கள் என்று போயின. இப்போது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வரிசையும் சேர்ந்திருக்கிறது. 2022 டிசம்பரில் வங்காளத்து மாலை வானில் தெரிந்த வினோத ஒளியைப் பார்த்து மக்கள் மிரண்ட அதே நேரம், ஒடிசா கரையிலிருந்து அக்னி‑5 ஏவுகணைச் சோதனை நடந்தது.

சரி, பார்த்தால் என்ன செய்வது? முதலில் மணி என்ன என்று குறியுங்கள். திசை, அப்புறம் கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம். மீட்டர் கணக்கு வேண்டாம். ஜூம் செய்யாதீர்கள், ஃபோகஸ் தப்பினால் புள்ளி தட்டாகத்தான் தெரியும். போனைச் சுவரில் சாய்த்து, கூரையோ மரமோ படத்தில் வரும்படி எடுங்கள். கால் மணி நேரம் பொறுத்து இன்னொரு முறை எடுங்கள். நட்சத்திரங்களோடு சேர்ந்து மெல்ல மேற்கே நகர்ந்திருந்தால் வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் பெயரே கிடைக்கும். லேசர் விளக்கை மட்டும் அதன் மீது அடிக்கவே அடிக்காதீர்கள். அது விமானமாக இருந்தால் விமானியின் கண் கூசும், உள்ளே இருப்பவர்கள் உயிரோடு விளையாடுகிறீர்கள்.

இவ்வளவுக்கும் பிடிபடாவிட்டால் தாராளமாக எனக்கு அனுப்புங்கள். ஆனால் தயவுசெய்து யாரோ ஃபார்வர்டு செய்ததை வேண்டாம். அதில் எடுத்த நேரமும் இருக்காது, இடமும் இருக்காது. போனில் இருக்கும் மூலக் கோப்பையே அனுப்புங்கள்.