லோடு வண்டிக்கு வேறு இன்ஜின் போடலாமா? ஆர்.சி. புக்கும் பிரிவு 52-ம்

பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய கார்புரேட்டரா, பீய்ச்சி அடிக்கும் இன்ஜெக்ஷனா என்று பட்டறையில் பேச உட்காரும் முன் ஆர்.சி. புக்கை எடுத்துப் பாருங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. அதே கம்பெனி, அதே வகை இன்ஜின் என்றால் வழி உண்டு. அதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி முதலில், இன்ஜின் பிறகு.

பெட்ரோல் லோடு வண்டியில் கார்புரேட்டர் இன்ஜினை எடுத்துவிட்டு எம்.பி.எஃப்.ஐ. (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள இன்ஜின்) போட்டால், பிளாக் என்கிற இன்ஜின் உடலை மாற்றுவதோடு வேலை முடியாது. கார்புரேட்டருக்கு 0.3 பார் பெட்ரோல் அழுத்தம் போதும். இன்ஜெக்டருக்கு ஏறக்குறைய 3 பார் வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது, கசிந்து தீப்பிடிக்கலாம். டேங்க் பம்ப், இ.சி.யூ. (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), ஆக்சிஜன் சென்சார், வயரிங் எல்லாம் சேர்ந்தே வர வேண்டும். அந்த மாடலுக்குத் தயாரிப்பாளரே அந்த இன்ஜினைக் கொடுத்திருக்காவிட்டால், ஒப்புதல் வரும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள்.

எம்.பி.எஃப்.ஐ.யைக் கழற்றிக் கார்புரேட்டருக்குத் திரும்புவது இன்னும் மோசம். பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி) பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கார்புரேட்டரை எவ்வளவு டியூன் செய்தாலும் அதில் நிற்பது கஷ்டம்.

டீசல் லாரியில் கார்புரேட்டரே கிடையாது. அங்கே பழைய பம்ப் இன்ஜினா, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்த டீசல் தரும் காமன் ரெயிலா என்பதுதான் பேச்சு. டீசலில் தண்ணீர் கலந்தால் காமன் ரெயில் இன்ஜெக்டர் சீக்கிரம் போய்விடும், அதனால் பம்ப்பே மேல் என்பார்கள். ஆனால் பி.எஸ். 4 வண்டிக்குப் புகை அடர்த்தி வரம்பு (சோதனைச் சீட்டில் வரும் ‘கே’ அளவு) 1.62, அதற்கு முந்தையவற்றுக்கு 2.45. பி.எஸ். 4 வண்டியில் பழைய பம்ப் இன்ஜினைப் போட்டு எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போனால் பெரும்பாலும் திரும்பி வர வேண்டியதுதான்.

சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தையிலிருந்து செகண்ட் இன்ஜின் இறக்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் பிளாக்கில் உள்ள எண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும். டீசலில் நனைத்த துணியால் கிரீஸைத் துடைத்து, கம்பி பிரஷ் போட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். எழுத்துகள் ஏறியும் இறங்கியும் இருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் தடம் தெரிந்தாலோ வாங்காதீர்கள். பழைய எண்ணைப் புது பிளாக்கில் பஞ்ச் பண்ணித் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளவே கூடாது, அது குற்றம்.

இன்ஜின் எண் எழுதிய பில், இன்ஜின் கழற்றிய வண்டியின் ஆர்.சி. ரத்தான தாள், பென்சில் பிரிண்ட் (எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பதிவு), வண்டி கடனில் இருந்தால் ஃபைனான்ஸின் எழுத்துச் சம்மதம் ஆகியவற்றோடு உங்கள் முகவரிக்குரிய ஆர்.டி.ஓ.வுக்குப் போங்கள். நெல்லைக்கு டி.என். 72, தென்காசிக்கு டி.என். 76. இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் புது எண்ணை ஏற்றச் சொல்லுங்கள்.

அனுமதியில்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேரள எல்லையில் புளியரை செக்போஸ்ட்டில் லோடோடு நிற்கும்போது இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை. ஆர்.சி.யில் புது எண் ஏறும் வரை பழைய பிளாக்கை எடைக்குப் போடாதீர்கள்.