தெரிந்த மாதிரி இருக்கும் சொற்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க ஜி.ஆர்.இ. தேர்வு எழுதுகிற நம் பொறியியல் பட்டதாரிகளில் பலர், கணிதப் பகுதியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அவர்களை அலைக்கழிப்பது ஆங்கிலப் பகுதிதான். மூவாயிரம் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை வாங்கி, மஞ்சள் ஹைலைட்டரால் கோடிட்டு, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை நான்கு முறை புரட்டியிருப்பார்கள்; நான்காவது முறை எல்லாச் சொற்களுமே தெரிந்தவையாகத் தோன்றியிருக்கும். ஆனால் கணினித் திரையில் அதே சொல் ஒரு வாக்கியத்துக்குள் வந்து நிற்கும்போது, எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருந்தது என்பது நினைவுக்கு வருகிறதே தவிர, பொருள் வருவதில்லை.

பழகிய ஒன்றை அடையாளம் கண்டுகொள்வதும், நினைவிலிருந்து ஒன்றைத் தேடி எடுப்பதும் மனம் செய்யும் இருவேறு வேலைகள். தினமும் ஒரே பேருந்தில் வருகிறவரின் முகம் நன்றாகத் தெரியும். அவர் பெயரைக் கேட்டால் விழிப்போம். பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்குச் சொல்லின் முகம் பழகிவிடுகிறது. பொருள் பக்கத்திலேயே அச்சாகி இருப்பதால், அதைத் தேடி எடுக்கும் வேலையை மனம் ஒருமுறைகூடச் செய்வதில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2008-ஆம் ஆண்டு ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 'மாஷுவா என்றால் படகு' என்பதுபோல நாற்பது சுவாஹிலி மொழிச் சொற்களைக் கல்லூரி மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட பிறகு, சிலருக்கு அதை மீண்டும் படிக்க மட்டும் கொடுத்தார்கள்; சிலரிடம் அதை மீண்டும் மீண்டும் கேள்வியாகக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, தொடர்ந்து கேள்வி கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 80 விழுக்காட்டுச் சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். கேள்வி நிறுத்தப்பட்டவர்கள், படிப்பைத் தொடர்ந்திருந்தாலும்கூட, மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினார்கள். இதைவிட எனக்கு வியப்பளித்தது வேறொன்று: எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, எல்லாக் குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான், பாதியளவைத்தான், சொன்னார்கள். எந்த முறை தனக்குப் பலன் தந்தது என்பது படித்தவருக்கே தெரியவில்லை. ஆகவே 'இந்தப் பக்கம் முடிந்தது' என்று படிக்கிறவரின் மனம் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. பொருள் அச்சான பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பதுதான் சோதனை.

அடுத்தது இடைவெளி. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட நூலில், பொருளற்ற அசைகளைத் தானே உருப்போட்டு, பிறகு மறுபடி கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்திருந்தார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு அளவே எஞ்சியது. அதன் பிறகு சரிவு மெதுவானது, ஒரு மாதம் ஆகியும் ஐந்தில் ஒரு பங்கு தங்கியிருந்தது. கொஞ்சம் மறந்த நிலையில் முயன்று நினைவுகூரும் சொல், சூடு ஆறுமுன் திருப்பிச் சொல்லும் சொல்லைவிட ஆழமாக ஊன்றுகிறது. இதையே 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற அறிவியல் எழுத்தாளர், ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதிய அட்டைகளைப் பல அறைகள் கொண்ட பெட்டியில் போட்டுவைக்கும் முறையாக்கினார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போய் நீண்ட இடைவெளிக்குப் பின் வரும், தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். இன்றைய கைப்பேசிச் செயலிகள் பல செய்வதும் இதுதான். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மாலை வீடு திரும்பும் பிள்ளைகளிடம் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லியனுப்பி, மறுநாள் காலையில் கேட்கும் வழக்கம் இருந்தது. ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமலே ஓர் இரவு இடைவெளியின் பயனை அந்த ஆசிரியர்கள் கண்டிருக்கிறார்கள்.

இத்தனையும் செய்தாலும், சொல்லுக்கு ஒற்றைப் பொருளை எழுதிய அட்டை தேர்வில் ஓரளவுக்கு மேல் உதவாது. 2011 ஆகஸ்டில் ஜி.ஆர்.இ. மாற்றியமைக்கப்பட்டபோது, தனிச் சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்கும் வினாக்கள் நீக்கப்பட்டன. பட்டியல் மனப்பாடம் அந்தப் பழைய வினாக்களுக்குப் பொருத்தமான உத்தி. வினாக்கள் போன பிறகும் உத்தி மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. இப்போது எல்லாச் சொற்களும் வாக்கியத்துக்குள் வைத்தே சோதிக்கப்படுகின்றன.

இங்கேதான் நமக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அன்றாடத் தமிழில் நாம் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பொருளோடு நம்மிடம் தங்கிவிட்டவை. வங்கியில் லோன் 'சாங்ஷன்' ஆகிவிட்டது என்கிறோம். அந்தச் சொல்லுக்குத் தண்டனை நடவடிக்கை என்ற நேர் எதிரான பொருளும் உண்டு. அடுத்த சுற்றுக்குக் 'குவாலிஃபை' ஆனான் என்கிறோம். தேர்வுத் தாளில் அது, சொன்ன கருத்துக்கு வரம்பு கட்டுவதைக் குறிக்கும். இவற்றைத் தெரிந்த சொற்கள் என்று ஒதுக்கிவிட்டு அரிய சொற்களைத் தேடிப் போகிறவர்தான் எளிதில் சறுக்குகிறார்.

நானே அமைத்த ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். 'விமர்சகரின் பாராட்டு அத்தனை ______ இருந்ததால், நூலாசிரியர் அதைக் கண்டனமாகவே எடுத்துக்கொண்டார்.' தரப்படும் சொற்களில் குவாலிஃபைடு, லாவிஷ், எஃபியூசிவ் மூன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பாராட்டு என்ற சொல்லைப் பார்த்ததுமே, தாராளமான, பொங்கி வழிகிற என்ற பொருளுள்ள பின்னிரண்டின்மீது கண் போகும்; அவை ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்கின்றன. ஆனால் வாக்கியத்தின் திறவுகோல் 'கண்டனமாகவே' என்பதில் இருக்கிறது. கண்டனமாகத் தோன்றும் பாராட்டு, ஆயிரம் 'ஆனால்'களோடு வந்த பாராட்டாகத்தான் இருக்க முடியும். ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் இந்தப் பொறி இன்னும் கூர்மையானது: வாக்கியத்துக்குப் பொருந்தாத இணைச்சொற்களும் பட்டியலில் கிடக்கும், இரண்டில் ஒன்று மட்டும் சரியென்றால் மதிப்பெண்ணே இல்லை. தெரிவுகளைப் பார்க்குமுன் கோடிட்ட இடத்துக்கு நம் சொந்தச் சொல்லை, தமிழ்ச் சொல்லானாலும் சரி, போட்டுப் பார்ப்பது இதனால்தான் பயனளிக்கிறது.

நீண்ட பத்திகளை வாசிப்பதிலும் அடிப்படை இதுவே. வாசிக்கும்போது கண் வரிமீது வழுக்கிச் செல்வதில்லை. ஓரிடத்தில் கால் வினாடி அளவு நின்று, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. அறிமுகமில்லாத சொல்லில் நிற்கும் நேரம் கூடுகிறது, கண் பின்னோக்கியும் போகிறது. அந்த நேரத்துக்கு மனம் ஏந்திவைத்திருக்கும் செயல்படு நினைவு முழுவதும் ஒரு சொல்லைப் புரிந்துகொள்வதிலேயே செலவாகிவிட்டால், வாக்கியத்தின் தொடக்கம் அதற்குள் நழுவிவிடும். துணையின்றி ஒரு பனுவலை நன்கு புரிந்துகொள்ள, அதிலுள்ள நூறு சொற்களில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்று மொழி கற்பித்தல் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட தேர்வில் மொழிப் பகுதிக்கு 27 வினாக்கள், 41 நிமிடங்கள். வினா ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்தான் கிடைக்கிறது.

கண்ணை வேகமாக ஓட்டும் பயிற்சிகள் இதற்குத் தீர்வல்ல என்பது என் கருத்து. புரிதல் வேகமானால் கண்ணும் வேகமாகும். நாளுக்கு ஒரு பத்தி போதும். பொறியியல் படித்தவர் கலை வரலாற்றையோ தொல்லுயிரியலையோ எடுத்துக்கொள்ளட்டும், ஏனெனில் தேர்வு அவர் துறையைக் கேட்டுக்கொண்டு பத்தியைத் தருவதில்லை. வாசித்து முடித்ததும் திரையை மூடிவிட்டு, ஆசிரியர் யாருடைய கருத்தை மறுக்கிறார், எந்த வாக்கியத்தில் திரும்புகிறார் என்று தமிழிலேயே ஒரு வரி சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்ல வரவில்லையென்றால், பெரும்பாலும் 'ஹவெவர்' அல்லது 'யெட்' என்று தொடங்கும் ஒரு வரியைத்தான் கண் கவனியாமல் கடந்து வந்திருக்கும். அந்த வரியை அப்படியே ஓர் அட்டையில் எழுதி முதல் அறையில் போட்டுவைக்கலாம்.