கே-2: இது பெயரா, குறியீடா?

உலகின் இரண்டாவது உயரமான மலை, அதனால்தான் கே-2 என்று பெயர் என நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த 2 தற்செயலாகப் பொருந்திப்போன எண், அவ்வளவுதான்.

1856-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் நில அளவைப் பணியில் இருந்த தாமஸ் மாண்ட்காமரி, காஷ்மீரின் ஹரமுக் மலையிலிருந்து பார்த்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இரண்டு கொடுமுடிகள் தெரிந்தன. இரண்டையும் வரைந்து, அவை இருக்கும் காரகோரம் மலைத்தொடரின் ஆங்கில முதலெழுத்தை எடுத்து கே-1, கே-2 என்று குறித்துவைத்தார். உயரம் கணக்கிட்டதெல்லாம் அப்புறம்தான். முதல் எண் வாங்கிய மலை 7,821 மீட்டர், இரண்டாம் எண்காரர் 8,611!

உள்ளூர்ப் பெயர் கிடைத்தால் குறியை நீக்கிவிட்டு அதையே வைப்பது அளவைத் துறையின் வழக்கம். அப்படித்தான் கே-1 மஷெர்புரும் ஆனது. ஆனால் கே-2 இருக்கும் இடம் அப்படி: அந்தப் பக்கத்துக் கடைசி ஊரான அஸ்கோலேயிலிருந்து அது கண்ணிலேயே படாது, பால்டோரோ பனியாற்றின் மேல் நாள்கணக்கில் நடந்து கன்கார்டியா என்ற இடத்துக்குப் போனால்தான் முழுசாகத் தெரியும். கண்ணில் படாத மலைக்கு ஊர்க்காரர்கள் எதற்குப் பெயர் வைக்கப்போகிறார்கள்?

சோகோரி என்றொரு பெயர் உண்டு. அந்தப் பகுதி மக்கள் பேசும் பால்டி மொழியில் 'சோகோ' பெரிய, 'ரி' மலை, ஆக, பெருமலை. 'அது என்ன மலை?' என்று வெளியாள் கேட்டதற்கு 'பெரிய மலை' என்று யாரோ சொன்ன பதில்தான் பெயராகிவிட்டதோ என்ற ஐயம் இருந்தாலும், சீனாவில் இதை ஒட்டிய பெயர்தான் வழக்கில் இருக்கிறது. அளவையாளர் காட்வின் ஆஸ்டின் பெயரை வைக்கும் முயற்சி எடுபடவில்லை, அடிவாரப் பனியாறு மட்டும் அவர் பெயரில் இருக்கிறது. பால்டி மக்களோ கே-2வையே 'கேத்து' ஆக்கிக்கொண்டார்கள். நம் நவக்கிரகக் கேதுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காரகோரம் துருக்கியச் சொல். 'கரா' என்றால் கருப்பு, பின்பாதி கற்களைக் குறிப்பது. 'கரு'வும் 'கரா'வும் ஒன்றுபோல ஒலிப்பதால் உடனே தமிழ் வேர் தேடிக் கிளம்பவேண்டாம், ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? முதலெழுத்துதான் கணக்கென்றால் கா-2 என்று வரவேண்டும், ஆனால் அப்படி எழுதினால் எந்த மலை என்று யாருக்கும் புரியாது. பெருமலை என்றாலும் அதே கதிதான். கே-2 கொடுமுடி என்றே எழுதலாம். 'சிகரம்' வடசொல், 'கொடுமுடி' நம்முடையது.