சும்மா நிற்கும் ரோபோ

ஆறேழு வருடத்துக்கு முந்தைய ஓர் இரவு ஷிஃப்ட். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், இரும்புத் தகடுகளை அச்சில் வைத்து அழுத்தி வடிவமாக்கும் ஒரு பிரஸ் ஷாப். மேஜையிலிருந்து இரும்புத் தகட்டை எடுத்து அச்சுக்குள் வைக்கும் ரோபோ, மேஜைக்கு மேலே கையை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டது. அலாரம் இல்லை, திரையில் ஃபால்ட் இல்லை, டவர் விளக்கில் பச்சைதான் எரிந்தது. தகடு வந்துவிட்டதா என்று பார்க்கும் ஃபோட்டோ சென்சாரின் கண்ணில் எண்ணெய் படிந்திருக்கும். அங்கே அடிக்கடி நடப்பதுதான். ஆபரேட்டர் தம்பி வேஸ்ட் துணியை எடுத்துக்கொண்டு, ரோபோவைச் சுற்றியிருந்த வேலிக்குள் போய் சென்சாரைத் துடைத்தார்.

அந்த சென்சாருக்குத் தகடும் கையும் ஒன்றுதான். அனுப்பிய ஒளி எதன் மேலோ பட்டுத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். துடைத்த கையைத் தகடு என்று சொல்லிவிட்டது. ரோபோ எடுக்க இறங்கியது. தம்பி கையை உருவிக்கொண்டார். வேஸ்ட் துணி மட்டும், தகட்டைப் பிடிக்கும் கிரிப்பருக்கு அடியில் போனது.

அந்த புரோகிராமை எழுதியவன் நான்.

மறுநாள் மீட்டிங்கில் எல்லாரும் கேட்டது "அவன் எதுக்கு உள்ளே போனான்?" என்றுதான். எனக்கு உறுத்தியது வேறு. என் புரோகிராமில் ஒரு வரி இருந்தது: சென்சாரிடமிருந்து சிக்னல் வரும்வரை காத்திரு. எவ்வளவு நேரம் என்று நான் எழுதவில்லை. ஒரு நொடியானாலும் ஒரு மணி நேரமானாலும் ரோபோ காத்திருக்கும். சிக்னல் வந்ததும் முழு வேகத்தில் கிளம்பும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது பழுதாகி நின்ற மெஷின்.

வீட்டில் வெட் கிரைண்டர் நின்றால் கரண்ட் போயிருக்கும், இல்லை மோட்டார் போயிருக்கும். அந்தப் பழக்கத்தோடுதான் ரோபோவையும் பார்க்கிறோம். ஆனால் அசையாத ரோபோவுக்கு மின்சாரமே துண்டிக்கப்பட்டிருக்கலாம். மோட்டார்கள் உயிரோடு இருந்து கையை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஃபால்ட்டாகி ரீசெட்டை எதிர்பார்த்து நிற்கலாம். அல்லது எங்கேயோ இருக்கும் ஒரு சென்சாரின் பேச்சைக் கேட்கக் காத்திருக்கலாம். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து முதல்முறை லைனுக்குப் போகும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இது ஒன்றும் புது விஷயமில்லை. 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபிளாட் ராக்கில் இருந்த ஃபோர்டு வார்ப்பாலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற 25 வயதுத் தொழிலாளி இறந்தார். ரோபோவால் உயிரிழந்ததாகப் பதிவான முதல் மனிதர் அவர். வார்ப்புகளை அடுக்கிலிருந்து எடுத்துத் தரும் இயந்திரம் சரியாக வேலை செய்யாததால் அவரே அடுக்கின் மேல் ஏறி எடுக்கப் போனார். இயந்திரம் நிறுத்தப்படவில்லை, அதன் கை பின்னாலிருந்து வந்து அடித்தது. 1981இல் ஜப்பானின் அகாஷி நகரத்துக் கவாசாகி ஆலையில் கென்ஜி உராடா, பழுது பார்ப்பதற்காக வேலியைத் தாண்டி உள்ளே போனார். முழுதாக அணைக்கப்படாத ரோபோ அவரைப் பக்கத்து இயந்திரத்தோடு சேர்த்து நெரித்தது. இரண்டு பேரும் உள்ளே போனது வேலை நடக்க வேண்டும் என்பதற்காக. எங்கள் தம்பியும் அப்படித்தான்.

சரி, கேட்டைத் திறந்தால் ரோபோ நிற்க வேண்டாமா? வேண்டும். கேட்டில் ஒரு இன்டர்லாக் சுவிட்ச் இருக்கும். கதவில் பொருத்திய சாவி மாதிரியான இரும்பு நாக்கு அதற்குள் நுழைந்திருந்தால்தான் ஆட்டோ மோடில் ரோபோ ஓடும். அந்த செல்லில், அதாவது ரோபோவும் அதைச் சுற்றிய வேலியும் சேர்ந்த அந்த இடத்தில், வேறொரு நாக்கு சுவிட்சுக்குள் செருகப்பட்டிருந்தது. கதவு திறந்தே கிடந்தது. ஸ்பேர் நாக்கு. ஒரு கயிற்றில் கட்டி, தொலைந்து போகாமல் பத்திரமாக வேறு தொங்கவிட்டிருந்தார்கள்! பல ஆலைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் பேனலுக்குள்ளேயே ஒரு துண்டு ஒயரால் லூப் போட்டு பைபாஸ் செய்திருப்பார்கள். அது கண்ணுக்கே தெரியாது.

பைபாஸ் செய்தவரைத் திட்டுவது எளிது. நானும் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு சூப்பர்வைசர் ஒரு கணக்குச் சொன்னார். கேட்டைத் திறந்தால் ரோபோ நடுவழியில் நின்றுவிடும். திரும்ப ஓட்ட, டீச் பென்டன்ட் என்ற கையடக்க ரிமோட்டை எடுத்து, பட்டன்களை அழுத்தி மெதுவாக ஹோம் பொசிஷனுக்கு, அதாவது தொடக்க நிலைக்கு, கொண்டுவர வேண்டும். அது தெரிந்தவர் ஷிஃப்டுக்கு ஒருத்தர்தான். அவரைத் தேடிப் பிடித்து லைனை ஓடவைக்கப் பத்து நிமிடம் ஆகும். துடைக்கும் வேலையோ பத்து நொடி. ஒரு ஷிஃப்டில் நான்கு தடவை துடைத்தால் நாற்பது நிமிட உற்பத்தி போச்சு. நின்ற இடத்திலிருந்து ரோபோ தானே பத்திரமாக ஹோமுக்குத் திரும்பும் வழியை நான் எழுதித் தந்திருந்தால் அந்தக் கயிறு அங்கே தொங்கியிருக்காது. நேரமில்லை என்று புரோகிராமில் நான் எழுதாமல் விட்ட இடத்தை அவர்கள் கயிறு கட்டி நிரப்பியிருந்தார்கள். அதனால் இப்போது எந்த ஆலைக்குள் போனாலும் முதலில் பைபாஸ்களைத் தேடுகிறேன். புரோகிராமில் எங்கே குறை என்று வேறு எந்த ரிப்போர்ட்டும் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

அந்த செல்லைத் திருத்தி எழுதினோம். காத்திருக்கும் வரிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர வரம்பு. அதற்குள் சிக்னல் வராவிட்டால் ரோபோ ஃபால்ட்டுக்குப் போகும், டவர் விளக்கு சிவப்பாகும், எந்த சென்சாரின் சிக்னல் வரவில்லை என்று திரையில் தமிழிலேயே வரும். அதன்பின் சிக்னல் வந்தாலும் ரோபோ நகராது. கேட்டைச் சாத்தி, ரீசெட் அழுத்தி, அப்புறம் தனியாக ஸ்டார்ட் அழுத்த வேண்டும். ரீசெட் என்பது "உள்ளே யாரும் இல்லை, நான் பார்த்துவிட்டேன்" என்று ஒரு மனிதர் தரும் வாக்குமூலம். அதை அழுத்தியதும் எதுவும் ஓடக் கூடாது. அதனால்தான் அந்த பட்டன் வேலிக்கு வெளியே, செல் முழுவதும் தெரியும் இடத்தில், உள்ளே இருப்பவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: ரீசெட்டை அழுத்தியபடியே இருக்கும்போது புரோகிராம் அதை ஏற்காது, விட்ட பிறகுதான் ஏற்கும். பட்டன் மேல் டேப் ஒட்டி நிரந்தரமாக அழுத்தி வைக்கும் கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பென்சிலைச் செருகி வைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

எமர்ஜென்சி பட்டன் எப்படி வேலை செய்கிறது என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டால், அழுத்தினால் சிக்னல் போகும் என்பார்கள். நேர்மாறு. எப்போதும் சிக்னல் போய்க்கொண்டே இருக்கும், அழுத்தினால் அது அறுந்துவிடும். எலி ஒயரைக் கடித்தாலும் ரோபோ நிற்க வேண்டும், அதற்காகத்தான். டீச் பென்டன்ட்டின் பின்னால் இருக்கும் டெட்மேன் சுவிட்சில் இன்னும் ஒரு படி கூட யோசித்திருக்கிறார்கள். பாதி அழுத்தினால் ரோபோ ஓடும், விட்டால் நிற்கும், பயந்துபோய் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். பயந்தால் சிலர் கையை விடுவார்கள், சிலர் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள் அல்லவா. பென்டன்ட்டால் ஓட்டும் அந்த மோடில் ரோபோவின் வேகமும் நொடிக்கு 250 மி.மீ.க்கு மேல் போகாது.

"நிற்கும்" என்று சுலபமாகச் சொல்கிறேன், உடனே நிற்காது. கேட்டுக்குப் பதில் லைட் கர்ட்டன், அதாவது யாராவது குறுக்கே வந்தால் உணரும் ஒளிக்கதிர்த் திரை, வைத்திருந்தால், ஒருவர் நொடிக்கு 1600 மி.மீ. வேகத்தில் நடந்து வருவதாக வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறது ஐ.எஸ்.ஓ. 13855 என்ற சர்வதேசத் தரநிலை. கர்ட்டன் உணர்ந்ததிலிருந்து ரோபோ முழுதாக நிற்க அரை நொடி ஆனால் அதற்கு 800 மி.மீ. 30 மி.மீ. தடிமனும் அதற்கு மேலும் உள்ளதைக் கண்டுபிடிக்கும் கர்ட்டன் என்றால், அதற்காக மேலும் 128. ஆக, ஆபத்தான இடத்திலிருந்து கர்ட்டனை 928 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும். இதெல்லாம் முதல் நாள் ஒழுங்காகச் செய்வார்கள். ஆறு மாதம் கழித்து சைக்கிள் டைமை, அதாவது ஒரு சுற்று வேலைக்கு ஆகும் நேரத்தை, குறைக்க யாரோ வேகத்தை 80 சதவீதத்திலிருந்து 100 ஆக்குவார்கள். நிற்கும் நேரம் கூடிவிடும். கர்ட்டன் தரையில் போல்ட் போட்ட இடத்திலேயே இருக்கும். திரையில் ஓர் எண்ணை மாற்றினால் தரையில் ஒரு கம்பத்தையும் நகர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இப்போதெல்லாம் அந்த எண்ணுக்குப் பாஸ்வேர்டு போட்டுவிடுகிறேன், திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

சர்வீஸ் ரோபோ பக்கம் வந்தால் இந்தப் பாடமே தலைகீழாகிறது. மருத்துவமனையில் மருந்து டிரே கொண்டுபோகும் வண்டி ஒன்றுக்கு வேலை செய்தேன். ஆலையில் நிறுத்திவிட்டால் நிம்மதி. வார்டு வராந்தாவில், லிஃப்ட் வாசலில், பிரேக் பிடித்து நின்ற வண்டி ஸ்ட்ரெச்சருக்கு வழி விடாமல் நிற்கும். அதனால் யார் வேண்டுமானாலும் ஒரு பட்டனை அழுத்தி பிரேக்கை விடுவித்து, கையால் தள்ளி ஓரம்கட்டும்படி வைத்தோம். சாய்தளத்தில் அதே பட்டன் ஆபத்து என்பதால் அங்கே கையை எடுத்ததும் பிரேக் மறுபடி பிடிக்கும். அந்த வண்டியின் லேசர் ஸ்கேனர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரே மட்டமாகப் பார்க்கும். கட்டிலின் கால் தெரியும், கட்டிலிலிருந்து நீட்டிய நோயாளியின் கை தெரியாது. கண்ணாடிக் கதவும் பெரும்பாலும் தெரியாது. அதற்காக மேலே தனியாக ஒரு கேமரா. உணவகத்திலோ விமான நிலையத்திலோ இப்படி ஒன்றைப் பார்த்தால், நம்மைப் பார்த்து நின்றுவிடும் என்று நம்பி குழந்தைகளைக் குறுக்கே ஓடவிடாதீர்கள்.

அந்தத் தம்பி இப்போது வேறு ஆலையில் மெயின்டனன்ஸில் இருக்கிறார். போன மாதம் போன் செய்தார். புதிதாக ஒரு வெல்டிங் செல் வந்திருக்கிறது, ரீசெட் பட்டனை வேலியின் கம்பத்தில் வைத்திருக்கிறார்கள், உள்ளேயிருந்து கையை நீட்டினால் எட்டுகிறது, செல் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடலாமா சார் என்றார். படம் அனுப்பச் சொன்னேன். நன்றாகவே எட்டியது. போடாதே என்றேன்.