மூன்று பேர் பாடிய 624 குரல்கள்

‘ஐயாம் நாட் இன் லவ்’ பாட்டைக் கேட்பவருக்கு, பின்னால் பெரிய தேவாலயப் பாடகர் குழுவே நிற்கிறது என்றுதான் தோன்றும். அந்தக் கூட்டுக் குரல்களைப் பாடியவர்கள் மூன்றே பேர். டென் சிசி என்ற பிரிட்டிஷ் ராக் குழு, மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டாக்போர்ட்டில் இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் பதிவு செய்து 1975-இல் வெளியிட்ட பாட்டு இது. குரலைப் பதிந்து விசைப்பலகையில் வாசிக்கும் டிஜிட்டல் சாம்ப்ளர்கள் அப்போது வரவில்லை. ஒரே டேப்பில் 16 தடங்களைத் தனித்தனியாகப் பதியும் 16 டிராக் டேப் ரெக்கார்டரும், டேப்பை வெட்ட ரேசர் பிளேடும்தான் கைவசம்.

குழுவில் நான்கு பேர். அவர்களில் எரிக் ஸ்டூவர்ட்டும் கிரஹாம் கோல்ட்மேனும் இதை முதலில் போஸா நோவா என்ற பிரேசில் நாட்டுத் தாளத்தில் அமைத்திருந்தார்கள். குழுவின் டிரம்மர் கெவின் காட்லிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பதிவையே அழித்துவிட்டார்கள். ஆனால் ஸ்டூடியோ ஊழியர்கள் மெட்டை விடாமல் முணுமுணுத்துக்கொண்டு திரியவே, மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. வழக்கமான வாத்தியங்களை ஒதுக்கிவிட்டுக் குரல்களாலேயே நிரப்புவோம் என்றார் காட்லி. அத்தனை பேருக்கு எங்கே போவது? டேப் லூப், அதாவது டேப்பை வளையமாக ஒட்டி ஓயாமல் சுழலவிடலாம் என்று வழி சொன்னவர் குழுவின் நான்காமவர் லால் கிரீம்.

காட்லி, கிரீம், கோல்ட்மேன் மூவரும் ஒரு மைக் முன்னால் நின்று ஒரே சுரத்தில் ‘ஆ...’ என்று இழுத்தார்கள். அதே சுரத்தை 16 டிராக்கும் நிறையும்வரை 16 தடவை பாடினார்கள். ஒரு சுரத்துக்கு 48 குரல் ஆயிற்று. இப்படி 13 சுரங்கள். ஒரு ஸ்தாயியின் 12 சுரத்தானங்களோடு மேல் ஸட்ஜத்தையும் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம். மொத்தம் 624.

ஒருவரே ஒரு தடவை பாடிவிட்டு, அதையே 48 பிரதி எடுத்து ஒட்டியிருக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் கிடைப்பது அதே ஒற்றைக் குரல்தான், சத்தம் மட்டும் கூடியிருக்கும். அச்சு அசலான 48 அலைகள் முகட்டோடு முகடு சேர்ந்து வீச்சை 48 மடங்காக்கும், குணம் மாறாது. தனித்தனியாகப் பாடும்போதோ எந்த இரண்டு தடவையும் சுருதி மயிரிழைகூடப் பிசகாமல் நிற்பதில்லை. ஒன்று 220 ஹெர்ட்ஸ், இன்னொன்று 221 ஹெர்ட்ஸ் என்றால், இரண்டும் சேர்ந்த ஒலி விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும். இதை இயற்பியலில் விம்மல் என்பார்கள். 48 குரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள். ஒவ்வொன்றும் தன் வேகத்தில் விம்மும்போது காதுக்கு எந்த ஏற்ற இறக்கமும் பிடிபடாது, மினுமினுப்பு மட்டும் மிஞ்சும். வீச்சும் 48 மடங்காகாமல், சராசரியாக அதன் வர்க்கமூலமான ஏறத்தாழ 7 மடங்கோடு நின்றுவிடும். பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையில் நம் காது ‘கூட்டம்’ என்று அடையாளம் காண்பதும் இந்தப் பிசகுகளைத்தான். மூவரும் இயந்திரம்போல் துல்லியமாகப் பாடியிருந்தால் இந்தப் பாட்டே இல்லை என்பது என் கட்சி.

அடுத்து லூப். ஒரு சுரத்தின் 48 குரல்களையும் கலந்து வேறொரு டேப்பில் இறக்கி, சுமார் 12 அடி நீளத்துக்கு வெட்டி, நுனியையும் வாலையும் ஒட்டி வளையமாக்கினார்கள். ரெக்கார்டரிலிருந்து வெளியே நீளும் வளையம் தொய்யாதபடி மைக் ஸ்டாண்டில் ஓர் உருளையைப் பொருத்தி அதைச் சுற்றி ஓடவிட்டார்கள். விநாடிக்கு 15 அங்குல வேகம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 9.6 விநாடி. டேப்பை வழக்கமாகச் சாய்வாகத்தான் வெட்டுவார்கள். நேராக வெட்டினால் ஒட்டு மொத்தமும் ஒரே கணத்தில் டேப்பைப் படிக்கும் ஹெட்டைக் கடந்து ‘டக்’கென்று கேட்கும். அந்தக் காலத்து மெலட்ரான் என்ற விசைப்பலகை வாத்தியத்திலும் கட்டைக்கு ஒரு டேப் உண்டுதான். ஆனால் அது சுமார் 8 விநாடியில் தீர்ந்துவிடும். வளையத்துக்கு முடிவே கிடையாது.

13 லூப்களையும் 13 டிராக்குகளில் ஏற்றியதும் மிக்சிங் மேசையே வாத்தியமாகிவிட்டது. நான்கு பேரும் ஒவ்வொரு டிராக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களில் ஆளுக்குச் சிலவற்றைப் பிடித்துக்கொண்டு, கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாறும் இடங்களில் வேண்டிய சுரங்களை ஏற்றி மற்றதை இறக்கினார்கள். ஃபேடர்கள் முழுக்க இறங்கிவிடாமலிருக்க அடியில் ஒட்டும் டேப் ஒட்டியிருந்தது. அதனால் 13 சுரமும் எந்நேரமும் மெல்லியதாகக் கசிந்துகொண்டே இருக்கும். எந்த ஒலியையும் இன்னதென்று கண்டுகொள்ள நம் காது அதன் தொடக்கக் கணத்தைப் பெரிதும் நம்புகிறது. இங்கே ஃபேடரில் மெதுவாக ஏறுவதால் அந்தக் கணமே இல்லை. குரலா, ஆர்கனா என்று கேட்பவர் தடுமாறுவது அதனால்தான்.

நடுவில் வரும் பெண் குரல் தற்செயலாக அமைந்தது. ஸ்டூடியோவின் செயலாளர் கதவை லேசாகத் திறந்து, ஸ்டூவர்ட்டுக்கு ஃபோன் வந்திருப்பதாகக் கிசுகிசுத்தார். இதுதான் நமக்கு வேண்டிய குரல் என்று கிரீம் துள்ளினார். அழக்கூடாது என்று பெரிய பையன்களை அதட்டும் அந்த வரியைப் பிறகு அந்தச் செயலாளரே மைக்கில் கிசுகிசுத்தார்.

ஆல்பத்தில் பாட்டின் நீளம் 6 நிமிடம். மூன்று நிமிடப் பாட்டுகளுக்குப் பழகிய வானொலிக்கு இது அதிகம். ஆல்பத்திலிருந்து முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வேறொரு பாட்டுதான் போனது. இது இரண்டாவதாக வந்து, 1975 ஜூனில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவுக்கு வெட்டிச் சுருக்கி அனுப்பினார்கள். அங்கே மூன்று வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. மூன்று வாரமும் மூன்று வெவ்வேறு பாட்டுகள் வழிமறித்தன.

காட்லியும் கிரீமும் 1976-இல் குழுவைவிட்டு விலகினார்கள். ஓயாமல் நீளும் ஒலியின் மீது இருந்த ஆசை மட்டும் விடவில்லை. கித்தார் தந்திகளை மோட்டாரால் சுழலும் குட்டிச் சக்கரங்கள் வில்போல உரசும்படி கிஸ்மோ என்றொரு கருவியை ஏற்கெனவே உருவாக்கியிருந்தார்கள். அதைக் காட்டவே மூன்று இசைத்தட்டு ஆல்பம் போட்டார்கள். கடைக்கு வந்த கிஸ்மோ ஒழுங்காக வேலை செய்யவில்லை.